நாக்குக்கு மூன்று மாதம், எலும்புக்கு நான்கு

சாம்பாரில் வழக்கமாகப் போடும் உப்பை இன்று பாதியாகக் குறைத்துப் பாருங்கள். முதல் கவளத்திலேயே வீட்டில் எல்லோரும் நிமிர்ந்துவிடுவார்கள். "உப்பே போடலையா?" என்று ஒரு குரல் வரும். உப்பு ஜாடி மேசைக்கு வந்து சேரும். அதே பாதி அளவுக்கு, வாரம் ஒரு சிட்டிகை வீதம் சில மாதங்களில் இறங்கிப் போனால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒருவரும் நிமிர மாட்டார்கள். சாம்பாரும் அதேதான், குறைந்த உப்பும் அதே அளவுதான். எடுத்துக்கொண்ட காலம் மட்டும் வேறு.

நாளை முதல் எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடமாட்டேன், தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுவேன் என்று எடுக்கும் சபதங்கள் பாதியில் முறியும்போது, மன உறுதி போதவில்லை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தப் பதில் எனக்கு ஏற்புடையதாக இல்லை. நம் உடம்புக்குள் பல கடிகாரங்கள் ஓடுகின்றன. ரத்தத்துக்கு ஒன்று, நரம்புக்கு ஒன்று, நாக்குக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று. ஒவ்வொன்றின் வேகமும் வேறு. சபதம் எடுப்பவர் எல்லா முட்களையும் ஒரே இரவில் திருப்பப் பார்க்கிறார். அந்தக் கடிகாரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால், மெதுவாகப் போகிறவர் ஏன் தூரம் போகிறார் என்பது விளங்கும்.

நாக்கிலிருந்தே தொடங்குவோம்.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர் என்ற உடலியல் பேராசிரியர் இருந்தார். அவர் ஆட்களின் கையில் எடைகளைக் கொடுத்து, எது கனம், எது லேசு என்று கேட்டார். எளிய சோதனைதான். அதிலிருந்து ஒரு பெரிய உண்மை வெளிவந்தது: நம் புலன்கள் அளவைவிட விகிதத்தையே கவனிக்கின்றன. ஒரு கிலோ காய்கறிப் பையில் 100 கிராம் பச்சை மிளகாயைச் சேர்த்தால் கை உடனே சொல்லிவிடும். 25 கிலோ அரிசி மூட்டையில் அதே 100 கிராமைச் சேர்த்தால் தூக்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. ஒருவருக்குத் தெரியவரும் மிகச் சிறிய வித்தியாசத்தை 'வேறுபாட்டு வாசல்' என்று சொல்லலாம். அந்த வாசலுக்குக் கீழே நடக்கும் மாற்றத்தை மூளை மாற்றமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

வாசலுக்குக் கீழே எவ்வளவு தூரம் போகலாம்? ஆஸ்திரேலியாவில் நடந்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு இதை ரொட்டியில் சோதித்தது. ஒரு குழுவுக்கு எப்போதும் போலச் செய்த ரொட்டி. மற்றொரு குழுவுக்கு வாரம் 5 சதவீதம் வீதம் உப்புக் குறைந்துகொண்டே வந்த ரொட்டி. ஆறு வாரத்தில் நான்கில் ஒரு பங்கு உப்பு காணாமல் போயிருந்தது. சாப்பிட்டவர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

பிரிட்டனில் இதையே ஒரு நாட்டின் அளவில் செய்தார்கள். ரொட்டி, பிஸ்கட், சூப் தயாரிப்பாளர்களுடன் பேசி, ஆண்டுக்காண்டு கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் குறைக்க வைத்தார்கள். 2001க்கும் 2011க்கும் இடையில் கடை ரொட்டியின் உப்பு சராசரியாக 20 சதவீதம் இறங்கியது. ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் உப்பு 9.5 கிராமிலிருந்து 8.1 கிராமாகக் குறைந்தது. குறைந்த 1.4 கிராம் என்பது ஏறத்தாழ கால் தேக்கரண்டிதான். ஆறு கோடிக்கும் மேற்பட்ட மக்களின் தட்டிலிருந்து தினமும் கால் தேக்கரண்டி போயிற்று என்று கணக்கிட்டால் அதன் பருமன் புரியும். அதே காலத்தில் இங்கிலாந்து மக்களின் சராசரி ரத்த அழுத்தமும் இறங்கியது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. உப்பு அவற்றில் முக்கியமானது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் இதை விளம்பரப்படுத்தவில்லை. 'உப்புக் குறைக்கப்பட்டது' என்று லேபிள் ஒட்டிய சூப்பைக் கொடுத்தபோது, மக்கள் ருசி குறைவு என்றார்கள், கூடுதலாக உப்பும் போட்டுக்கொண்டார்கள் என்று வேறொரு ஆய்வு கண்டது. நாக்கு ஏமாறாவிட்டாலும் எதிர்பார்ப்பு அதை ஏமாற்றிவிடும்.

இதுவரை பார்த்தது நாக்குக்குத் தெரியாமல் நடப்பது. இனி நாக்கே மாறும் அதிசயம். உங்கள் எச்சிலில் உப்பு உண்டு. அப்படியானால் நாள் முழுக்க ஏன் வாய் கரிக்கவில்லை? நாக்கு அந்த அளவைப் பூஜ்யம் என்று பழகிவிட்டது. அதற்கு மேலே வருவதைத்தான் 'உப்பு' என்று சொல்கிறது. நாம் தினமும் சாப்பிடும் சாப்பாட்டின் உப்பும் இப்படித்தான் ஒரு தரையாக மாறிவிடுகிறது. அந்தத் தரை இறங்குமா? அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் 1982இல் இதற்கு விடை சொன்னார்கள். சிலரை ஐந்து மாதம் உப்புக் குறைத்த உணவில் வைத்திருந்தார்கள். தொடக்கத்தில் எல்லாம் சப்பென்று இருந்தது. இரண்டு மூன்று மாதங்களில் அவர்களுக்குப் பிடித்த உப்பின் அளவே கீழே இறங்கிவிட்டது. முன்பு சரியாக இருந்தது இப்போது கரித்தது.

சுவை செல்கள் சராசரியாகப் பத்து நாளில் செத்துப் புதிதாக முளைக்கின்றன. இந்தக் கட்டுரையைப் போன மாதம் படித்திருந்தால், அப்போது உங்கள் நாக்கில் இருந்த சுவை செல்கள் பெரும்பாலும் இப்போது இல்லை. ஆனால் விருப்பம் மாற மூன்று மாதம் ஆகிறது. செல்கள் பலமுறை புதிதானபிறகும் மூளையின் அளவுகோல் பழைய கோட்டிலேயே நின்றுகொண்டிருக்கிறது. முதல் மாதத்தில் கைவிடுகிறவர் கசப்பான பகுதியை மட்டும் தின்றுவிட்டு எழுந்து போகிறார். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு போதும் என்கிறது. உலகம் சராசரியாகச் சாப்பிடுவது 10.8 கிராம். பாதிக்கும் கீழே இறங்க வேண்டும் என்பது மலைப்பாகத்தான் இருக்கும். வாரத்துக்கு ஒரு சிட்டிகை என்றால் மலைப்பு இல்லை.

சர்க்கரை கொஞ்சம் வேறு மாதிரி. இதே மோனெல் மையத்தில் சர்க்கரையை வெகுவாகக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு, மூன்றாம் மாதத்தில் அதே புட்டிங் கூடுதல் இனிப்பாகத் தெரிந்தது. ஆனால் இனிப்பின் மேலுள்ள ஆசை அதே அளவு குறையவில்லை. கட்டுப்பாடு நீங்கியதும் பழைய அளவுக்கு விரைவாகத் திரும்பினார்கள். நாக்கு உணர்வதும் மனம் விரும்புவதும் இரண்டு தனித்தனி இயந்திரங்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. காபிக்கு இரண்டு தேக்கரண்டி போட்டுக்கொண்டிருந்த நான், கால் தேக்கரண்டி வீதம் குறைத்து அரைக்கு வர ஓராண்டு எடுத்துக்கொண்டேன். இன்று இரண்டு தேக்கரண்டி போட்ட காபியை என்னால் குடிக்க முடிவதில்லை. ஆனால் மைசூர்பாகு இன்றும் பிடிக்கிறது.

நாக்கை விட்டு உடம்புக்குள் இறங்கினால், முதலில் எதிர்ப்படுவது ரத்தம். இருப்பதிலேயே வேகமான கடிகாரம் இதற்குத்தான். ரத்தத்தில் செல்களைக் கழித்துவிட்டால் மிஞ்சும் வெளிர்மஞ்சள் நீருக்குப் பிளாஸ்மா என்று பெயர். பெரியவர் ஒருவரிடம் சுமார் மூன்று லிட்டர் இருக்கும். மூச்சு வாங்கும்படியான பயிற்சியைத் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள்ளேயே இது 10 சதவீதம் அளவுக்குக் கூடிவிடுகிறது. அதாவது ஒரு பெரிய டம்ளர் அளவு புதிய ரத்தநீர். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக நிரம்புகிறது, கூடுதலாகத் தள்ளுகிறது. அதே மாடிப்படியை ஏற அதற்குக் குறைவான துடிப்புகள் போதும். இரண்டாம் வாரம் மூன்றாவது மாடியில் முன்போல மூச்சிரைக்கவில்லை என்று உணர்கிறவர், கற்பனை செய்யவில்லை.

அடுத்தது நரம்பு. பத்து நாளாகத் தண்டால் எடுப்பவர், ஐந்திலிருந்து பன்னிரண்டுக்கு வந்துவிட்டேன் என்று புஜத்தைத் தடவிப் பார்ப்பார். புஜம் அப்படியேதான் இருக்கும். வலு எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு தசையும் பல குழுக்களாகப் பிரிந்து வேலை செய்கிறது. ஒரு நரம்பு செல்லும் அது ஆட்டிவைக்கும் தசை இழைகளும் சேர்ந்தது ஒரு குழு. இதை 'இயக்க அலகு' என்பார்கள். பழகாத உடம்பு, இருக்கும் குழுக்களை ஒரே நேரத்தில் கூப்பிடத் தெரியாமல் திணறுகிறது. பயிற்சியின் முதல் சில வாரங்களில் கூடும் வலுவில் பெரும்பகுதி, நரம்புகள் இந்த அழைப்பைக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை பருப்பது அதற்குப் பிறகுதான். 1979இல் மோரிதானி, டி வ்ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள்.

அதைவிட வியப்பான சான்று மிகப் பழையது. 1894இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் என்பவரின் ஆய்வகத்தில் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். மறு கையும் வலுவடைந்தது! ஓய்வாகத் தொங்கிக்கொண்டிருந்த கைக்கு வலு வந்தது என்றால், கற்றுக்கொண்டது கை மட்டுமாக இருக்க முடியாது. அதை ஆள்கிற நரம்பு மண்டலமும்தான். எலும்பு முறிந்து ஒரு கையைக் கட்டில் வைத்திருப்பவர்களுக்கு நல்ல கையைப் பயிற்றுவிக்கும் உத்திக்கு இந்த உண்மையே அடிப்படை.

வாரங்கள் மாதமாகும்போது தசை செல்லுக்குள் உலைகள் பெருகுகின்றன. உணவையும் ஆக்சிஜனையும் சேர்த்து ஆற்றல் தரும் நுண்ணிய உலைகள் மைட்டோகாண்ட்ரியா. 1967இல் ஜான் ஹாலஸி என்பவர், எலிகளை ஓடுபொறியில் பல வாரம் ஓடவிட்டு அவற்றின் தசையைச் சோதித்தார். ஆற்றல் உற்பத்தி செய்யும் நொதிகள் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தன. வேலையைக் கூட்டினால் தானாகவே உலையைக் கூட்டிக்கொள்ளும் தொழிற்சாலை நம்மிடம் இருக்கிறது.

இவ்வளவு விரைவாக எல்லாம் நடக்கும்போது ஏன் நிதானம்? இரண்டு சோம்பலான கடிகாரங்கள் இருப்பதால். ஒன்று எலும்பு. எலும்பு உயிருள்ள கட்டடம். அதில் ஒரு கூட்டம் செல்கள் பழையதைக் கரைத்துக்கொண்டே போக, பின்னால் வரும் இன்னொரு கூட்டம் புதியதைக் கட்டிக்கொண்டே வரும். ஓரிடத்தில் கரைக்கும் வேலை சில வாரம்தான், கட்டும் வேலைக்கு மூன்று மாதம் போல ஆகிறது. ஆக நான்கு மாதத்துக்கு ஒரு சுற்று. நடுவில் சுமையை ஏற்றிக்கொண்டே போனால், கரைத்த இடம் கட்டப்படும் முன்பே அதன்மேல் பாரம் இறங்குகிறது.

மற்றொன்று தசைநாண். தசையை எலும்போடு கட்டும் கயிறு அது. குதிகாலுக்கு மேலே தடித்த நரம்பு போலத் தட்டுப்படுகிறதே, அது உடம்பிலேயே பெரிய தசைநாண். அதன் வயதைக் கண்டுபிடிக்க டென்மார்க் விஞ்ஞானிகள் அணுகுண்டைப் பயன்படுத்தினார்கள். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானில் வெடித்துச் சோதித்த குண்டுகளால், காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் பெருகியது. பயிர்கள் அதை உறிஞ்சின. பயிர் வழியாக அது அந்தக் காலத்து மனிதர்களின் உடம்பில் சேர்ந்தது. 1963இல் வெளிச் சோதனைகளுக்குத் தடை வந்தபின் அளவு இறங்கத் தொடங்கியது. எனவே ஒரு திசுவிலுள்ள கார்பன்-14 அளவைப் பார்த்தால், அது எந்த ஆண்டில் உருவானது என்று சொல்லிவிடலாம். தசையைச் சோதித்தால் அது புதியது என்று தெரிந்தது. குதிகால் தசைநாணின் மையத்தைச் சோதித்தபோது, பல பத்தாண்டுக்கு முன் அந்தத் தசைநாணுக்கு உரியவர்களின் பதின்வயதில் இருந்த கார்பன் அப்படியே உறைந்திருந்தது. 2013இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஏறத்தாழ 17 வயதோடு அந்த மையக் கயிறு கட்டி முடிக்கப்படுகிறது. பிறகு அது புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று சொல்லலாம்.

இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து என் குதிகாலின்மேல் எனக்குத் தனி மரியாதை. பள்ளி மைதானத்தில் ஓடிய அதே கயிற்றில்தான் ஐம்பது வயதிலும் நடக்கிறோம். பழக்கமே இல்லாதவர் ஜனவரி முதல் தேதி ஐந்து கிலோமீட்டர் ஓடினால், இதயம் தாக்குப்பிடிக்கும், தசை இரண்டு நாள் வலித்து ஆறிவிடும். மூன்றாம் வாரம் வலு கூடிய தசை இன்னும் வேகமாக இழுக்கும்போது, வலு கூடாத கயிறுதான் அடி வாங்கும். மெதுவாகக் கூட்டுங்கள் என்று பயிற்சியாளர்கள் சொல்வது இந்தக் கயிற்றுக்காகத்தான்.

இனி சாப்பாட்டுக்கும் நடைக்கும் உள்ள ஒப்பந்தத்தைப் பார்ப்போம். ஆரோக்கியமான ஒருவரின் உடம்பில் ஓடும் ஐந்து லிட்டர் ரத்தம் முழுவதிலும் இருக்கும் குளுக்கோஸ் எவ்வளவு தெரியுமா? நான்கைந்து கிராம். ஒரு தேக்கரண்டி! ஒரு தட்டு சோற்றில் 70 கிராம் மாவுச்சத்து இருக்கும். பதினைந்து மடங்கு குளுக்கோஸ் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அந்த ரத்தத்துக்குள் நுழைகிறது. அதை வாங்கி வைக்கும் முக்கியக் கிடங்கு தசை. கிடங்கின் கதவுகள் 'குளூட்-4' என்ற புரதங்கள். சாதாரண நேரத்தில் இவை செல்லுக்குள்ளே மடிந்து கிடக்கும். இன்சுலின் வந்து தட்டினால் மேற்பரப்புக்கு வந்து திறக்கும். சர்க்கரை நோய் நெருங்கும்போது இன்சுலின் தட்டும் ஓசை தசைக்குச் சரியாகக் கேட்பதில்லை.

இயற்கை இங்கே இன்னொரு வழியும் வைத்திருக்கிறது. தசை சுருங்கி விரிந்தால், இன்சுலின் தட்டாமலே இந்தக் கதவுகள் மேலே வந்து திறந்துவிடும். நடக்கும் ஒவ்வொரு அடியும் ஒரு தட்டல். 2013இல் அமெரிக்காவில் அறுபது வயது தாண்டியவர்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் 15 நிமிட நடை, காலையில் ஒரே மூச்சாக 45 நிமிடம் நடப்பதற்கு இணையாக நாள் முழுக்கச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தியது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அடக்குவதில் சிறு நடைகளே மேலாக இருந்தன. தட்டில் உள்ளதை மாற்றாமல் வரிசையை மட்டும் மாற்றினாலும் பலன் உண்டு: சர்க்கரை நோயுள்ள சிலரிடம் 2015இல் நியூயார்க்கில் நடந்த இன்னொரு சிறிய ஆய்வில், காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டபோது, முதல் ஒரு மணி நேரச் சர்க்கரை ஏற்றம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. பொரியலையும் கூட்டையும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் துணையாக வைக்காமல், முதலில் அவற்றைச் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வரலாம். கூடுதல் செலவு ஒரு பைசாவும் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் மட்டும் மாற்றங்களை மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும்.

இதற்கெல்லாம் நம் ஊரிலேயே பெரிய சான்று இருக்கிறது. 2023இல் வெளியான தேசிய அளவிலான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேர். அந்த அலை எழும்பிக்கொண்டிருந்தபோதே, சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரனின் குழு, நோயின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். மற்றொரு பிரிவினரை தினமும் அரைமணி நேரமாவது நடக்கவும், சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் குறைக்கவும், நார்ச்சத்தைக் கூட்டவும் தொடர்ந்து ஊக்கப்படுத்தினார்கள். வேறொரு பிரிவினருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. மூன்றாண்டு முடிவில், வழக்கமான பிரிவில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. நடந்தவர்களில் 39 சதவீதம். மாத்திரை எடுத்தவர்களில் ஏறத்தாழ 40. நடையும் தட்டும் சேர்ந்து மாத்திரைக்குச் சமமாக நின்றன.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த ஆய்வின் இன்னொரு வரி. நடந்த பிரிவினரின் சராசரி எடை குறையவே இல்லை! எடை இயந்திரம் மட்டும் சாட்சி என்றால், அவர்கள் மூன்றாண்டு வீணாக்கினார்கள் என்றே தீர்ப்பு வந்திருக்கும். உள்ளே கதவுகள் திறந்துகொண்டிருந்தன, நோய் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. முள் அசையவில்லையே என்று நடையை நிறுத்தியவர்கள் யாராவது இதைப் படித்தால், நாளைக்கே மறுபடி செருப்பை மாட்டுங்கள்.

எவ்வளவு நடக்க வேண்டும் என்ற கேள்விக்கு எல்லோரும் சொல்லும் 10,000 அடி என்ற எண், ஆய்வகத்தில் பிறந்தது இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடிமானியின் பெயர் அது: மான்போ-கெய், பத்தாயிரம் அடி அளவி. அமெரிக்காவில் சராசரி 72 வயதான 16,741 பெண்களின் அடிகளை எண்ணி 2019இல் வெளியிட்ட ஆய்வு என்ன சொல்கிறது? ஒரு நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால் 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. இயல்பிலேயே திடமானவர்கள் அதிகம் நடந்திருக்கலாம் என்ற சந்தேகத்தை இத்தகைய ஆய்வுகள் முழுக்க நீக்குவதில்லை. ஆனாலும் கவனியுங்கள்: வித்தியாசம் 1,700 அடி. கால் மணி நேரத்துக்குச் சற்றே மேல்.

இதன் மூத்த சான்று லண்டன் மாடிப்பேருந்துகளில் கிடைத்தது. ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பேருந்தில் ஒரே சம்பள வர்க்கத்தில் வேலை பார்த்த ஓட்டுநரையும் நடத்துநரையும் ஒப்பிட்டார். ஓட்டுநர் நாளெல்லாம் உட்கார்ந்திருந்தார். நடத்துநர் சீட்டுக் கொடுக்க ஒரு நாளில் 500 முதல் 750 படி ஏறினார். இதய நோயால் திடீரென்று இறப்பது நடத்துநர்களிடம் ஏறக்குறைய பாதிதான். அவர்களில் யாரும் உடற்பயிற்சி செய்வதாக நினைக்கவில்லை, சீட்டுதான் கொடுத்தார்கள்.

வேலையோடு ஒட்டிக்கொண்டு நினைப்பில்லாமல் நடப்பதுதான் பழக்கம். அது மூளையில் உட்காரும் விதம் கடைசிக் கடிகாரம். அமெரிக்காவின் எம்ஐடியில் ஆன் கிரேபியல் என்ற நரம்பியலாளர், எலிகளை 'டி' வடிவப் பாதையில் சாக்லேட்டைத் தேடி ஓடவிட்டு, மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள நரம்புத்திரளின் மின்துடிப்பைப் பதிவு செய்தார். புதிதாக ஓடும் எலியில் அந்தச் செல்கள் வழி நெடுக முழங்கிக்கொண்டே இருந்தன. பழகிய எலியில் ஓட்டம் தொடங்கும்போது ஒரு முழக்கம், முடியும்போது ஒரு முழக்கம், நடுவில் அமைதி. பூக்காரி தொடுத்த சரம் போல, பல தனிச் செயல்கள் ஒரே நூலில் கோத்து இரு முனையிலும் முடிச்சுப் போடப்பட்டுவிட்டன. சாக்லேட்டை நிறுத்தியபோது அந்த வடிவம் மங்கியது. மறுபடி வைத்ததும் உடனே திரும்பி வந்தது. பழைய பழக்கம் அழிவதில்லை, உறங்குகிறது. தீபாவளிக்குப் பிறகு பழையபடி இனிப்பு டப்பாவைத் தேடும் கைக்கு இதுதான் காரணம்.

புதிய முடிச்சு விழ எத்தனை நாள்? 21 நாள் என்ற பேச்சு, மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் 1960இல் எழுதிய நூலிலிருந்து கிளம்பியது. தம் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழக அத்தனை நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார், அவ்வளவுதான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி இதை உண்மையாகவே அளந்தார். 96 பேர், 12 வாரம். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் கால் மணி நேர ஓட்டம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு புதிய செயல், அதுவும் ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒன்றோடு கட்டப்பட்டது. செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தர அளவு 66 நாள். சிலருக்கு 18 நாளே போதும், சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. தண்ணீர் குடிப்பதும் பழம் சாப்பிடுவதும் சீக்கிரம் ஒட்டின. உடற்பயிற்சி தாமதமாக ஒட்டியது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் கலைந்துவிடுமா? கலையவில்லை. ஒரு நாள் தவறியது, பழக்கம் உருவாகும் வேகத்தைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை.

ராமச்சந்திரனின் குழு பிறகு இன்னும் எளிய ஒரு தூண்டுதலைச் சோதித்தது. தென்னிந்தியாவில் நோயின் வாசலில் இருந்த 537 ஆண்கள். பாதிப் பேருக்கு இரண்டாண்டு காலம் செல்பேசியில் குறுஞ்செய்திகள் போய்க்கொண்டிருந்தன: சாப்பாடு பற்றியும் நடை பற்றியும், ஒருவர் மாற எவ்வளவு தயாராக இருக்கிறார் என்பதைப் பொறுத்து அமைத்த சிறு வரிகள். 2013இல் முடிவு வெளியானது. செய்தி போகாதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. செய்தி போனவர்களில் 18 சதவீதம். சட்டைப் பையில் வாரம் சில முறை ஒலித்த ஒரு 'டிங்' அத்தனை பேரைக் காப்பாற்றியது.

இன்று இரவு சமைக்கும்போது சாம்பாருக்கு எடுத்த உப்பில் ஒரு சிட்டிகையைத் திரும்ப ஜாடியில் போட்டுவிடுங்கள். அடுத்த வாரம் இன்னொன்று. வீட்டில் இப்போது யாருக்கும் சொல்ல வேண்டாம், நாலாம் மாதம் ஓட்டலில் சாப்பிடும்போது "என்ன இப்படிக் கரிக்குது!" என்று அவர்களே சொல்வார்கள். அன்றைக்குச் சொல்லுங்கள்.